கியர் இறுக்கம் (தானுந்து)

கியர் இறுக்கம் என்பது, கையால் கியர் மாற்றப்படும் தானுந்துகளில், கியர் கம்பியை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு நகர்த்த வழக்கத்தைவிடக் கூடுதல் விசை தேவைப்படும் குறைபாட்டைக் குறிக்கும். கியர் விழாமல் தடுத்து நிற்பது, உரசல் ஒலியுடன் விழுவது, விழுந்த கியர் விடுபட மறுப்பது ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் "கியர் டைட்" என்ற ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. இவை மூன்றும் வெவ்வேறு காரணங்களால் ஏற்படுபவை. எனவே வண்டியைப் பட்டறையில் விடும்போது எது நிகழ்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்வது பாதி வேலையை முடித்துவிடும்.

இக்குறைபாட்டுக்குக் கியர் பெட்டியைக் கழற்றிப் பிரிப்பதே தீர்வு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் கிளட்ச், இணைப்புக் கம்பிகள், கியர் எண்ணெய் ஆகிய மூன்றும் பெட்டியைப் பிரிக்காமலே சோதிக்கத் தக்கவை. இச்சோதனைகளைச் செய்யாமல் பெட்டியை இறக்குவது வீண் செலவு. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்காத பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது வண்டியையே முடக்கிவிடவும் கூடும். இக்கட்டுரை பொது விளக்கத்துடன், விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தின் சாலையையும் தட்பவெப்பத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

இயங்கும் முறை

ஓட்டுநரின் கை விசை, கியர் கம்பியிலிருந்து இரும்புத் தண்டுகள் வழியாகவோ கேபிள்கள் வழியாகவோ கியர் பெட்டியின் தேர்வுத் தண்டை அடைகிறது. தேர்வுத் தண்டில் பொருத்தப்பட்ட கவை (பட்டறை வழக்கில் "ஃபோர்க்") ஒரு வழுக்கு வளையத்தைத் தள்ளுகிறது. அவ்வளையம் தேவையான பற்சக்கரத்துடன் பிணைந்தவுடன் கியர் விழுகிறது.

பிணைப்பு நிகழும் முன், சுழலும் இரு பாகங்களின் வேகமும் சமமாக வேண்டும். இதற்கென உள்ளது சின்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளையால் ஆன இக்கூம்பு வளையம், பற்சக்கரத்தின் கூம்புப் பகுதியில் உரசி அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ சமப்படுத்துகிறது. வேகம் சமமாகும் வரை வழுக்கு வளையத்தை முன்னேற விடாமல் தடுப்பதும் இதன் பணியே. கையில் உணரப்படும் "தடை" பல வேளைகளில் இவ்வளையம் தன் கடமையைச் செய்வதன் அறிகுறியாகும். அத்தடையை மீறிக் கம்பியைக் குத்தித் தள்ளும் ஒவ்வொரு முறையும் வளையம் சிறிது தேய்கிறது. கவையும் வளையக் கூடும்.

சின்க்ரோ வளையம் சமப்படுத்த வேண்டியது கிளட்ச் பிளேட்டு, பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு, அதனோடு சுழலும் பற்சக்கரங்கள் ஆகியவற்றின் வேகத்தை மட்டுமே. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை எனில், அச்சிறிய வளையம் எஞ்சினையே எதிர்த்து நிற்க வேண்டியதாகிறது. பெட்டிக்கு வெளியே உள்ள ஒரு குறை, பெட்டிக்குள் உள்ள குறையைப் போலவே தோன்றுவது இதனால்தான்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இரு கூடுதல் காரணிகள் உண்டு. முதலாவது, வலிமையான சுருள்வில் அல்லது தட்டுவில் கொண்ட கிளட்ச். இரண்டாவது, கியர் கம்பியின் குறைந்த நகர்வுத் தொலைவு. கியர் கம்பி ஒரு நெம்புகோலே. கைப்பிடி நகரும் தொலைவை 30 விழுக்காடு குறைத்தால் தேவைப்படும் விசை 1/0.7, அதாவது ஏறத்தாழ 1.4 மடங்காகும். பின்னாளில் குட்டைக் கம்பி பொருத்திய வண்டியில் கியர் இறுகியதாகத் தோன்றினால், அது குறைபாடன்று. வாங்கிய பொருளின் இயல்பு.

எஞ்சினை நிறுத்திச் செய்யும் சோதனை

குறையின் இடத்தைப் பிரித்தறிய உதவும் மிகச் சிறந்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் எஞ்சினை இயக்கி, கிளட்ச்சை முழுவதும் மிதித்து, அதையே மீண்டும் செய்ய வேண்டும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது எளிதாக விழும் கியர்கள், எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினால் கிளட்ச் விடுபடவில்லை என்று கொள்ளலாம். எஞ்சின் நின்றிருக்கும்போதும் எல்லாக் கியர்களும் இறுக்கமாகவே இருந்தால், குறை கம்பியிலோ கேபிளிலோ தேர்வுத் தண்டிலோ இருக்கிறது. நின்ற வண்டியில் ஏதேனும் ஒரு கியர் மட்டும் விழாமல் இருந்தால் அதைக் கொண்டு உடனே முடிவுக்கு வரக் கூடாது. பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். கிளட்ச்சை விட்டு மீண்டும் மிதித்தோ, வண்டியைச் சிறிது தள்ளியோ பார்த்தால் விழுந்துவிடும்.

இரு நிலைகளிலும் எளிதாக இருந்து, ஓட்டத்தின்போது ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் உரசினால், அந்தக் கியரின் சின்க்ரோ வளையத்தை ஐயுறலாம். ஒரு கியர் மட்டும் எனில் உள்ளே. எல்லாக் கியரும் எனில் பெரும்பாலும் வெளியே. முதல், இரண்டாம் கியர்கள் சேர்ந்து இறுகி மற்றவை நன்றாக இருந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான கவையையோ கம்பியின் பக்கவாட்டு அமைப்பையோ பார்க்க வேண்டும்.

கிளட்ச் விடுபடாமை

எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்து, நான்கைந்து நொடி காத்திருந்து பின்னோக்குக் கியரைப் போட வேண்டும். பல வண்டிகளில் பின்னோக்குக் கியருக்குச் சின்க்ரோ வளையம் இல்லை. கிளட்ச் முழுமையாக விடுபட்டிருந்தால் அதற்குள் உள்ளீட்டுத் தண்டு சுழல்வது நின்று, கியர் ஒலியின்றி விழும். காத்திருந்த பின்னும் "கர்ர்" என்று உரசினால் தண்டு இன்னும் சுழல்கிறது என்பது பொருள்.

காரணம் தேடும்போது மிக எளியதிலிருந்து தொடங்குவது நன்று. மிதியடிக்குக் கீழே விரித்த கூடுதல் கால்விரிப்பு கிளட்ச் மிதியை முழுவதும் இறங்க விடாமல் தடுப்பது அரிதன்று. கேபிள் வகைக் கிளட்ச்சில், கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து நீள்வதால் மிதியின் வெற்று நகர்வு கூடிவிடும். இதைச் சீர்செய்யும் திருகு பல வண்டிகளில் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். வெற்று நகர்வை அறவே இல்லாமல் செய்வதும் தவறு. ரிலீஸ் பேரிங் ஓய்வின்றிச் சுழன்று கெடும்.

நீர்ம அழுத்த வகையில் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் ஆகிய இரண்டின் ரப்பர் வளையங்களும் முதலில் ஐயத்துக்குரியவை. மிதியை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்த பின் கியர் எளிதாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்துள்ளது அல்லது நீர்மம் கசிகிறது. மிதியை மிதித்தபடி வைத்திருக்கும்போதே வண்டி மெல்ல நகரத் தொடங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் அழுத்தத்தை இழக்கிறது. இங்குப் பயன்படும் நீர்மம் பிரேக் நீர்மமே. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205° செ.; ஈரம் ஏறிய நிலைக்கான வரையறை 140° செ. மட்டுமே. டாட் 4 வகைக்கு இவை முறையே 230°, 155° ஆகும். வங்கக் கடலை ஒட்டிய ஈரக்காற்றுப் பகுதியில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நீர்மத்தைக் காலமுறையில் மாற்ற வேண்டியுள்ளது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுவது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்களை உப்பச் செய்து, கிளட்ச்சுடன் பிரேக்கையும் கெடுக்கக் கூடிய செயல். பல தானுந்துகளில் இரண்டுக்கும் ஒரே கலம்தான்.

வெள்ள நீரில் நின்ற வண்டிகள்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை பெய்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததால் தொடர்வண்டிப் போக்குவரத்தும் நிறுத்தப்பட்டது.

இத்தகைய வெள்ளத்தில் சக்கரத்தின் பாதிக்கு மேல் மூழ்கி நின்ற தானுந்துகளில் கியர் இறுக்கம் இரு வழிகளில் தோன்றும். ஒன்று, கிளட்ச் உறைக்குள் நீர் புகுந்து, வண்டி பல நாள் அசையாமல் நிற்கும்போது கிளட்ச் பிளேட்டு பிளைவீலுடன் துருவால் ஒட்டிக்கொள்வது. அப்போது மிதி இயல்பாகவே இறங்கும். ஆனால் எஞ்சின் ஓடுகையில் எந்தக் கியரும் விழாது. நீர்ம அழுத்தத்திலும் கேபிளிலும் ஒரு குறையும் காணப்படாததால் பெட்டிதான் பழுது என்று முடிவு செய்யப்படுவது எளிது. வண்டி வெள்ளத்தில் நின்ற செய்தியை உரிமையாளர் மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது. (பழைய வண்டி வாங்குவோரிடம் இதை மறைப்பதும் நடப்பதுண்டு.) மற்றொன்று, கியர் பெட்டியின் காற்றுத்துளை வழியே நீர் உள்ளே இறங்குவது. சூடான பெட்டி நீரில் மூழ்கிக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமாக மாறியிருந்தால் நீர் கலந்துள்ளது உறுதி. அந்த எண்ணெயுடன் சிறிது தொலைவு கூட ஓட்டுவது பேரிங்குகளுக்குக் கேடு.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் காற்று வடிகட்டியையும் எஞ்சின் ஆயிலையும் பார்க்காமல் எஞ்சினை இயக்கக் கூடாது. கியர் இறுக்கம் அதற்குப் பிந்திய கவலையே.

இணைப்புக் கம்பிகளும் கேபிள்களும்

இணைப்புக் கம்பிகளின் முனைகளில் ரப்பர் அல்லது நைலான் புஷ்கள் உள்ளன. இவை தேய்ந்தால் கம்பி முதலில் தளரும்; கைப்பிடி ஆடும், கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். தேய்வு முற்றும்போது கம்பி சாய்ந்து உரசி இறுகும். ஆகவே "முன்பு தளர்வாக இருந்தது, இப்போது இறுகிவிட்டது" என்ற வரலாறு புஷ் தேய்வைச் சுட்டுகிறது. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் கியர் கம்பி கொண்ட பழைய பிரீமியர் பத்மினி, அம்பாசடர் வண்டிகளில் இணைப்புகள் மிகுதியாதலால் இக்குறை அவற்றின் ஓட்டுநர்களுக்கு நன்கு பழக்கமானது.

முன்சக்கர இயக்க வண்டிகளில் பெரும்பாலும் இரு கேபிள்கள் உள்ளன. ஒன்று கம்பியின் முன்பின் அசைவையும் மற்றது பக்கவாட்டு அசைவையும் கடத்துகிறது. உறையின் முனையிலுள்ள ரப்பர் கிழிந்தால் புழுதியும் நீரும் உள்ளே புகும். கருங்கல் குவாரிகள் மிகுந்த வானூர், திண்டிவனம் பகுதிச் சாலைகளில் ஜல்லி ஏற்றிய லாரிகளின் பின்னே செல்லும் வண்டிகளின் அடிப்பகுதியில் படியும் நுண்ணிய கல்மாவு, மழைநீருடன் சேர்ந்து அரைக்கும் பசையாகிறது. கேபிளைப் பெட்டியின் முனையில் கழற்றிவிட்டுக் கியர் கம்பியை அசைத்தால் உண்மை தெரிந்துவிடும். கழற்றிய பின்னும் கம்பி இறுகினால் கேபிளை மாற்ற வேண்டும். கம்பி எளிதாகி, பெட்டியின் மேலுள்ள நெம்புகோலைக் கையால் தள்ளும்போது மட்டும் இறுக்கம் தெரிந்தால், தேர்வுத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி துருப்பிடித்திருக்கலாம்.

கியர் கம்பியைச் சுற்றியுள்ள தோலுறைக்குள் விழுந்து கிடக்கும் பொருள்களையும் மறக்கலாகாது. நாணயம், சுங்கச்சாவடிச் சீட்டு, மயிலம் கோயிலில் பெற்ற திருநீற்றுப் பொட்டலம் எதுவாயினும் கம்பியின் அடியில் சிக்கினால் ஒரு பக்கக் கியர்கள் மட்டும் விழ மறுக்கும்.

எஞ்சின் தாங்கு ரப்பர்கள் இறங்கிப்போவதும் ஒரு காரணம். அவ்வாறாயின் நின்ற வண்டியில் குறை தெரியாது. வேகமெடுக்கும்போதோ வேகம் குறையும்போதோ எஞ்சின் சாய்வதால் மட்டுமே கியர் இறுகும்.

கியர் எண்ணெய்

ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் காலை நேரக் கியர் இறுக்கத்துக்குக் குளிரில் தடித்த எண்ணெயை முதற் காரணமாகக் கூறும். 80W-90 வகை எண்ணெய் 100° செ. வெப்பநிலையில் உள்ளதைவிட 40° செ. வெப்பநிலையில் ஏறத்தாழ பத்து மடங்கு பிசுக்குடையது. உறைபனியில் அது இன்னும் பல மடங்காகும். திண்டிவனத்தின் மார்கழி விடியல் அத்தகைய குளிரை எட்டுவதில்லை. ஆகவே இங்குக் காலையில் முதல் சில மாற்றங்கள் சற்றுக் கனமாக இருப்பது இயல்பு. ஆனால் கியர் விழவே மறுத்தால் "குளிர்" என்று விட்டுவிடலாகாது. பொருந்தா எண்ணெய், குறைந்த எண்ணெய், தேய்ந்த வளையம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி.

பொருந்தா எண்ணெய் என்பதில் பிசுக்கைவிட வகை முக்கியமானது. ஜிஎல்-5 என்னும் தரம் பின்னச்சுப் பற்சக்கரங்களின் கடும் அழுத்தத்துக்காக உருவானது. அதில் கந்தக-பாஸ்பரசுச் சேர்மங்கள் மிகுதி. சில வகைச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக் கூடும். மேலும் சின்க்ரோ வளையத்துக்குத் தேவையான உராய்வையே இவை குறைத்துவிடலாம். வளையம் வழுக்கினால் வேகம் சமமாக நேரம் பிடிக்கும். ஓட்டுநர் அதை இறுக்கமாக உணர்வார். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் "உயர்ந்த எண்ணாயிற்றே" என்று ஜிஎல்-5 ஊற்றுவது உயர்வன்று. சில பெட்டிகள் கியர் எண்ணெயே அல்லாத மெல்லிய நீர்மங்களைக் கேட்பதும் உண்டு. கையேடே இதில் இறுதிச் சொல்.

எண்ணெயை வடிக்கும்போது, வடிகால் திருகைத் திறக்கும் முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வடித்துவிட்டு நிரப்ப முடியாமல் நிற்கும் வண்டிகள் நகைப்புக்குரியன போல் தோன்றினும் உண்மையே. வடிந்த எண்ணெயில் பொன் நிறத் துகள்கள் மினுமினுத்தால் அவை வளையத்தின் தேய்மானம். சிறிதளவு எதிர்பார்க்கத் தக்கதே. காந்தத்தில் இரும்புச் சில்லுகள் ஒட்டியிருந்தால், பெட்டியைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சாலையில்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 45 என்று எண்ணிடப்பட்டிருந்த இந்நான்குவழிச் சாலை சமவெளியில் நேராகச் செல்வதால், ஒரே கியரில் நெடுந்தொலைவு ஓட்டிவிடலாம். இதனாலேயே இங்குக் குறை மறைந்திருக்கும். சென்னையிலிருந்து மேல் கியரில் வந்த வண்டி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்று முதல் கியரைத் தேடும்போதுதான் கிளட்ச் சூடேறிக் கெட்டிருப்பது தெரியவரும். சோதனை ஓட்டத்தை நெடுஞ்சாலையில் மட்டும் செய்து முடிக்காமல், நகருக்குள் நின்று நின்று புறப்படும் சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிய பின் எஞ்சின் நிறுத்தச் சோதனையை மீண்டும் செய்வது பயன் தரும்.

இச்சாலையில் சிற்றூர்களின் அருகே நடுத்தடுப்பு இடைவெளிகளில் குறுக்கே கடக்க வேண்டிய இடங்களும் உள்ளன. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. முதல் கியர் விழ மூன்று நொடி தாமதித்தால் அது 66 மீட்டர் நெருங்கியிருக்கும். கியர் இறுகிய வண்டியை எடுத்துக்கொண்டு இவ்விடைவெளிகளில் திரும்புவதைத் தவிர்த்து, தொலைவு கூடினாலும் மேம்பாலத்துக்கு அடியில் செல்லும் வழியைத் தேர்வது பாதுகாப்பானது. முதல் கியரைப் போட்டு உறுதி செய்த பின்னரே கடக்கத் தொடங்க வேண்டும்.

வழியில் கிளட்ச் அறவே விடுபடாமல் போனால் சாலையோரம் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, இழுவை வண்டியை அழைப்பதே முறை. வண்டியை ஆபத்தான இடத்திலிருந்து சில மீட்டர் நகர்த்தியே ஆக வேண்டுமெனில், எஞ்சினை அணைத்து முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தவாறு ஸ்டார்ட்டரை இயக்கினால் வண்டி துள்ளிப் புறப்படும். முன்னே ஆளோ வண்டியோ இல்லாதபோது மட்டுமே இதைச் செய்யலாம். இதை நகருக்குள் ஓட்டிச் செல்லும் வழியாகக் கொள்ளக் கூடாது.

பெட்டியைப் பிரித்தல்

மேற்கண்ட எதிலும் குறை இல்லையெனில் பெட்டியை இறக்க வேண்டியதுதான். சின்க்ரோ வளையத்தைப் பற்சக்கரக் கூம்பில் கையால் அழுத்தி, இடையே உள்ள இடைவெளியைத் தகட்டு அளவியால் அளப்பர். புதிய வளையத்தில் இது பல பெட்டிகளில் 1 மி.மீ. அளவில் இருக்கும், தேயத் தேயக் குறையும். வளையத்தின் உட்புற நுண்வரிகள் எண்ணெய்ப் படலத்தை வெட்டுவதற்காக உள்ளவை. அவை மழுங்கிப் பளபளத்தால் இடைவெளி சரியாக இருந்தாலும் வளையம் பயனற்றது. பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுவது அறிவு. பைலட் பேரிங் இறுகினால் கிளட்ச் விடுபட்டாலும் உள்ளீட்டுத் தண்டு எஞ்சினோடு சுழலும். வெளியிலிருந்து இதைக் கண்டறிவது கடினம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும்

இதே கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தானுந்தைத் தயாரித்தது. பிரித்தானிய டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி 1962இல் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்டதே ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டின் நான்கு கியர் பெட்டிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் பழைய வண்டிகளைப் பேணுவோர் கியர் இறுக்கத்தை மிகுதியாகச் சந்திக்கும் வண்டிகளில் ஹெரால்டும் ஒன்று.

ஹெரால்டில் முதல் கியருக்குச் சின்க்ரோ வளையம் இல்லை. ஸ்பிட்ஃபயரிலும் 1970இல் வந்த நான்காம் வடிவம் வரை அதே நிலைதான். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் தடுப்பதும் உரசுவதும் அவ்வமைப்பின் இயல்பு. இவ்வண்டிகளில் கிளட்ச் குறை தேடும்போது பெட்டியை விடுத்து மிதியின் அருகே தொடங்க வேண்டும். மிதியையும் மாஸ்டர் சிலிண்டர் தண்டையும் இணைக்கும் ஊசி, துளை ஆகியவை தேய்ந்து நீள்வட்டமாவதால், மிதி தரையைத் தொட்டும் ஸ்லேவ் சிலிண்டர் போதிய தொலைவு நகர்வதில்லை. துளையை நிரப்பி மீண்டும் துளையிட்டு, ஊசியை மாற்றினால் பல வண்டிகளில் இறுக்கம் நீங்கிவிடும். இதைப் பார்க்காமல் பெட்டியை இறக்க முனைந்தால், இருக்கைகளையும் நடுச்சுரங்க மூடியையும் கழற்றி, பெட்டியைக் கீழே அன்றி வண்டியின் உள்ளே தூக்கி எடுக்க வேண்டும்.

முதல் கியருக்கு ஓட்டத்தில் இறங்க வேண்டுமாயின் இரட்டைக் கிளட்ச் முறை பயன்படும். சின்க்ரோ வளையம் இல்லாத பழைய பேருந்து, லாரிகளின் ஓட்டுநர்கள் நாள்தோறும் கையாண்ட முறை இது. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, முடுக்கியைச் சற்று மிதித்து எஞ்சின் வேகத்தை ஏற்றி, மீண்டும் கிளட்ச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். வேகம் சரியாக அமைந்தால் கம்பி இரு விரல்களின் தள்ளலிலேயே உள்ளே செல்லும்.